ஆமாக்கா, பே வார்டுதான்

உக்காருங்க தம்பி, அந்தச் சேரு காலிதான். யாரும் துண்டு போட்டு வைக்கல. நான் கண்ண மூடிக்கிட்டு இருக்கவும் தூங்குறேன்னு நெனச்சு நின்னுட்டீங்களா? கண்ணுக்கு மருந்து விட்டிருக்காங்க. கண்ணுமணி விரியணுமாம். தொறக்கக் கூடாதாம், தேய்க்கக் கூடாதாம். மொளகாப் பொடி விழுந்த மாதிரி எரியுது. வாயத் தொறக்கக் கூடாதுன்னு மட்டும் இன்னும் சொல்லல, அதான் பேசிக்கிட்டிருக்கேன்.

நீங்க காட்ட வந்தவரா, கூட வந்தவரா? அம்மாவுக்கா. உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா? சரி, சரி. வந்துருவாங்க. இங்க வெரசா முடிச்சிருவாங்க. காசு வாங்குறாங்கள்ல, முடிக்காம என்ன செய்வாங்க.

குளுரு ஒத்துக்குதா உங்களுக்கு? எனக்கு முழங்கால் வெறைக்குது. ஏசிய கொறைக்கச் சொன்னா கவுண்டர்ல இருக்க பொண்ணு என்னைய ஒரு மாதிரி பாக்குது. குளுருக்கும் சேத்துத்தான் காசு குடுத்திருக்கோம்ங்கற மாதிரி. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு தெரியுமா? ஜெனரல். சனம் தரையில உக்காந்திருக்கும். பெஞ்சுல எடம் பிடிக்க விடியறதுக்கு முன்னாடியே பஸ் ஏறி வந்திருக்கும். இங்க உள்ள இருக்காரே சீஃப்பு, பெரிய டாக்டரு, அவரு காலையில அந்தப் பக்கம் உக்காந்து பாப்பாரு. மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து இந்தப் பக்கம் உக்காந்து பாப்பாரு. அதே டாக்டரு, அதே டார்ச்சு லைட்டு. சாப்பாட்டுக்கு முன்னால சும்மா, சாப்பாட்டுக்குப் பின்னால காசு.

என்ன அநியாயம் பாத்தீங்களா. நம்ம காசுல கட்டுன கட்டடம். நம்ம காசுல வாங்குன மிஷினு. நம்ம காசுல சம்பளம் வாங்குற டாக்டரு. அதுக்கு நம்மகிட்டயே மறுபடி காசு. அதுவும் கொஞ்ச நஞ்சமா? மானியம் கிடையாது, முழுக் கட்டணம்னு வாசல்ல பளபளன்னு போர்டு வேற. வெட்கமா இருந்தா உள்ள ஒரு மூலையில எழுதிப் போட மாட்டான்? காசு குடுக்குறதுன்னா நான் வெளிய பிரைவேட்டுக்குப் போயி ராஜா மாதிரி படுத்துக்குவேனே. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில காசு கட்டுறவன் கேணப்பய. உங்களச் சொல்லல தம்பி. பொதுவாச் சொல்றேன்.

அப்ப நீ எதுக்குய்யா இங்க வந்து உக்காந்திருக்கன்னு கேப்பீங்க. கேக்கலயா? கேக்கலன்னாலும் மனசுல ஓடும்ல. எனக்குப் பொரை. வலது கண்ணுல முத்திருச்சு, எடதுல ஆரம்பம். ஜெனரல்ல சும்மாவே செஞ்சு குடுத்துருவாங்கதான். ஆனா அங்க ஒரு சிஸ்டர் இருக்கு. அதுக்கும் எனக்கும் ஆகாது. அது மூஞ்சியில முழிச்சிட்டு, கண்ண அது கையில குடுத்துட்டுப் படுத்திருக்க என்னால முடியாது. அதுக்குத்தான் இங்க. சிங்கப்பூர்ல இருக்க என் மகனும், காசப் பாக்காதப்பான்னு சொல்லிட்டான். எனக்குக் கடை இருக்கு தம்பி. தேரடித் தெருவுல தனுஷ்கோடி மேட்சிங் சென்டர்னா எல்லாருக்கும் தெரியும். சேலையக் கொண்டு வந்தா அதுக்குத் தோதா ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்சு, நூலு, கொக்கி வரைக்கும் எடுத்துக் குடுக்கணும். கண்ணில்லாம கலர் பாக்க முடியுமா? என் விசயம் வேற. மத்தபடி கொள்கை கொள்கைதான்.

அந்த சிஸ்டர் கதைய கேளுங்க. அத சொன்னாத்தான் இந்தப் பே வார்டு எம்புட்டுப் பெரிய குடிகெடுக்குற சமாச்சாரம்னு உங்களுக்குப் புரியும். இதால எங்க குடும்பமே ரெண்டு பட்டுப் போச்சு.

எனக்கு ஒரு அக்கா. சண்முகக்கனின்னு பேரு. என்னைய விட பத்து வயசு மூப்பு. சின்னப் பிள்ளையில அம்மை போட்டு, எடது கண்ணுல பூ விழுந்துருச்சு. பூ விழுந்த கண்ணுக்காரின்னு எவனும் கட்ட வரல. அம்மா அப்பா காலத்துக்கப்புறம் என் வீட்டோட வச்சுக்கிட்டேன். யாரு வச்சுக்குவா சொல்லுங்க இந்தக் காலத்துல? கல்யாணம் ஆகாத அக்காவ இத்தன வருசம் வச்சு சோறு போட்டேன். பொங்கலுக்கு ஒண்ணு, தீபாவளிக்கு ஒண்ணு துணி. என் பெண்டாட்டி இருந்த வரைக்கும் மூஞ்சியச் சுளிச்சதில்ல, அவ போனப்புறமும் அக்காவுக்கு நான் ஒரு கொறை வைக்கல. அவளும் சம்பளம்னு கேட்டதில்ல, நானும் குடுத்துப் பழக்கல. காலையில கடை தொறக்கும்போது வந்து கல்லாவுக்குப் பக்கத்துல உக்காந்தாள்னா, ஷட்டர எறக்கும்போதுதான் எந்திரிப்பா. வீட்டுல இருந்தா அவளுக்குப் பொழுது போகாதுல்ல.

அந்த ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு அவ கலர் பாக்குறத நீங்க பாக்கணும். மாம்பழ மஞ்சள்னா அதுல அவளுக்கு ஆறு தினுசு தெரியும். டியூப் லைட்டுல பாக்க மாட்டா. துணிய ரெண்டு விரல்ல பிடிச்சுக்கிட்டு வாசலுக்குப் போவா, வெயில்ல ஒரு பார்வை, இந்தாங்கம்மா இதுதான்னு குடுத்துருவா. திரும்பி வந்து மாத்துன ஆளு கிடையாது. கனியக்கா இருக்காங்களான்னு கேட்டுட்டுத்தான் பொம்பளைங்க கடைக்குள்ள ஏறுவாங்க. நான் கடை நடத்துற லட்சணம் அப்படி.

தீபாவளிக்கு முந்தின வாரம் அது. மேட்சிங் கடைக்கு அதுதான் சீசன், நின்னுக்கிட்டே சாப்பிடுற நேரம். அக்கா வந்து, தனுசு, கண்ணுக்குள்ள பூச்சியாப் பறக்குதுடா, மின்னல் வெட்டுற மாதிரி இருக்குடான்னா. நான் என்ன செய்ய? கடையில நிக்க எடமில்ல. தீபாவளி முடியட்டும்க்கான்னேன். அவளும் சரின்னுட்டா. தீபாவளிக்கு மறுநா காலையில வந்து, கறுப்பு லைனிங் துணிய கீழருந்து யாரோ உசத்திப் பிடிக்கிற மாதிரி இருக்குடாங்கறா. அப்பவும் துணியத்தான் சொன்னா பாருங்க. அன்னைக்கே பஸ் ஏத்திக் கூட்டிட்டு வந்துட்டேன். ஒரு நாள் கூடத் தாமதம் பண்ணல.

இங்க ஜெனரல்ல ஒரு டாக்டரம்மா பாத்துச்சு. சின்னப் பொண்ணு, எனக்கு மக வயசு. கண்ணுக்குப் பின்னால இருக்க திரை உரிஞ்சுக்கிட்டு வருதாம், சுவத்துல பெயிண்ட் உரியிற மாதிரி. நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கிட்டிருக்காம். அது உரியறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணுனா பார்வை தப்பிச்சுக்கும், உரிஞ்சப்புறம் பண்ணி பெருசா பிரயோசனம் இல்லேன்னுச்சு. சரி பண்ணுங்கன்னேன். அப்பத்தான் சொல்லுது. ஜெனரல்ல இந்த ஆபரேஷனுக்கு வாரத்துல ஒரு நாளுதானாம், முன்னால ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்களாம், அடுத்த வாரமோ அதுக்கும் மேலயோ ஆகுமாம். பே வார்டுல சேந்தா நாளைக்குச் சாயங்காலம் முடிச்சிரலாமாம்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். யாரும்மா ஆபரேஷன் பண்றதுன்னு கேட்டேன். சீஃப்புன்னுச்சு. பே வார்டுல பண்றது யாருன்னேன். அவரேதான்னுச்சு. தியேட்டரு? அதேதான். அப்ப நாளைக்குச் சாயங்காலம் செய்ய முடியிறத நாளைக்குக் காலையில ஏன் செய்ய முடியாதுன்னு கேட்டேன். நியாயமான கேள்விதானே? சுத்தி நின்ன சனமெல்லாம் ஆமாங்குது. அந்தப் பொண்ணு தலையக் குனிஞ்சுக்கிட்டு மெதுவாச் சொல்லுச்சு.

"எனக்கும் இது பிடிக்கல சார். ஆனா உங்க அக்கா கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது. அது காத்துக்கிட்டு இருக்காது."

பாத்தீங்களா, எனக்குப் பாடம் எடுக்குது. உங்களுக்கே பிடிக்கலல்ல, அப்ப அத மேல சொல்லுங்கம்மா, ஏழை சனத்துகிட்ட ஏன் சொல்றீங்கன்னு ரெண்டு வாங்கு வாங்கிட்டேன். காசு இல்லாம இல்ல தம்பி. தீபாவளி வியாபாரத்துக் காசு அப்படியே பீரோவுல இருந்துச்சு. ஆனா அது கடை முதலு. அதுல கை வைக்கலாமா? அது இருக்கட்டும், இங்க காசு பேச்சே இல்ல. நாம இன்னைக்குக் கட்டுனா நாளைக்கு எல்லாருகிட்டயும் கேப்பான். ஒருத்தனாவது நிமுந்து நிக்கணுமா வேணாமா?

இதுக்குள்ள என் தங்கச்சி வந்து சேந்துட்டா. தங்கபுஷ்பம். திருப்பூர்ல இருக்கா, மாப்பிள்ளைக்கு பனியன் கம்பெனி. கைப்பையத் தோள்ல மாட்டிக்கிட்டு வந்து எறங்குனவ, அக்காவப் பாத்து ஒரு மூச்சு அழுதா. அழுது முடிச்சுட்டு, அண்ணே நீ ஒண்ணும் செய்ய வேணாம், நானே கட்டிக்கிறேன், பே வார்டுல சேத்துரலாம்னா. எப்படிச் சொல்றா பாருங்க, நீ ஒண்ணும் செய்ய வேணாமாம். இத்தன வருசம் வச்சுப் பாத்தவன் நானு. வருசத்துக்கு ரெண்டு தரம் வந்து, வாழைப்பழத்தக் குடுத்துட்டுப் போறவ அவ. என் வீட்டுல இருக்க என் அக்காவுக்கு இவ வந்து காசு கட்டுனா தெருவுல என்ன பேசுவான்? தனுஷ்கோடிக்கு வக்கில்லன்னு பேச மாட்டான்? வராண்டாவுல நின்னு சத்தம் போட்டேன். அவளும் போட்டா. கடைசியில அவ என்னைய மதிக்காம, பே வார்டுல எடம் கேக்குறேன்னு படியெறங்கிப் போயிட்டா.

நான் நேரா அக்காகிட்டப் போனேன். பொம்பளைங்க வார்டுல நடுக் கட்டில்ல படுத்திருந்தா. கண்ண அசைக்காதீங்கன்னு சொல்லியிருந்தாங்க, செல மாதிரி கெடந்தா. நான் பக்கத்துல உக்காந்ததும் கையப் பிடிச்சுக்கிட்டா. இங்க ஒண்ணு உங்களுக்குச் சொல்லணும். எங்கக்காவுக்குச் சின்ன வயசுலருந்து பேய்னா பயம். பேய்ங்கற வார்த்தையே வாயில வராது. காத்து கருப்புன்னுதான் சொல்லுவா. மழை பேஞ்சா கூட, பேயுதுன்னு சொல்லாம மழை விழுகுதும்பா, நாங்க கிண்டல் பண்ணுவோம். அப்படிப்பட்டவ அன்னைக்கு என் காதுக்குக்கிட்ட வாயக் கொண்டு வந்து, அந்த வார்த்தையச் சொல்லியே கேட்டா.

"ஏண்டா தனுசு, என்னையக் கொண்டு போகப் போறோம்ங்காங்களே, அது பேய் வார்டாமே. நெசமா?"

"ஆமாக்கா, பே வார்டுதான்."

இதுதான் நான் சொன்னது. இதுல ஒரு பொய் இருக்கா? நீங்களே சொல்லுங்க. வாசல் போர்டுல என்ன எழுதியிருக்கு? பே வார்டு. நான் என்ன சொன்னேன்? பே வார்டு. ஒரு எழுத்துக் கூட்டிச் சொன்னேனா, கொறச்சுச் சொன்னேனா? அவ காதுல ஒரு 'ய்' சேந்து விழுந்தா அதுக்கு நான் பொறுப்பா? பக்கத்துக் கட்டிலு பொம்பள வேற, பே வார்டு இருக்க எடம் முந்தி பொணக்கிடங்கா இருந்துச்சுன்னு சொல்லி வச்சிருக்கா. அதையும் நான் சொல்லல. நான் சும்மா உக்காந்திருந்தேன். சும்மா உக்காந்திருக்கறது ஒரு குத்தமா?

என்ன தம்பி, உச்சுக் கொட்டுறீங்க? அம்மா ஞாபகமா? வந்துருவாங்க, வந்துருவாங்க.

கொஞ்ச நேரத்துல புஷ்பம் வந்தா. எடம் கெடச்சிருச்சுக்கா, எந்திரின்னா. சக்கர நாற்காலியோட ஒரு ஆளு, கூட அந்த சிஸ்டர். அக்கா கட்டிலு கம்பிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா. நான் வரமாட்டேன்னுட்டா. புஷ்பம் கெஞ்சுறா, கன்னத்தத் தடவுறா, ஏங்க்கா ஏங்க்காங்கறா. அக்கா காரணம் சொல்லல. தங்கச்சி காலேஜ் படிச்சவ, பேய்க்குப் பயந்தேன்னு சொன்னா சிரிப்பான்னு அவளுக்கு வெக்கம். எனக்கு இங்கனயே இருக்கட்டும், எனக்கு அங்க வேணாம்னு அத மட்டும்தான் திருப்பித் திருப்பிச் சொன்னா. சொல்லிட்டு என்னையப் பாத்தா. நான் ஜன்னலப் பாத்தேன். வெளிய வேப்பமரத்துல காக்கா கூடு கட்டியிருந்துச்சு.

அப்பத்தான் அந்த சிஸ்டர் என் பக்கம் திரும்பி, சார் அவங்க வேற எதையோ நெனச்சுப் பயப்படுறாங்க, என்னன்னு கேட்டு நீங்க எடுத்துச் சொல்லுங்கன்னுச்சு. எனக்கு ஆத்திரம் தாங்கல. உங்க வேலைய நீங்க பாருங்க, எங்கக்கா இஷ்டத்துக்கு மாறா நான் எதையும் செய்ய மாட்டேன்னு சொல்லிட்டேன். நோயாளியோட இஷ்டம் முக்கியம்னு அங்கயே சுவத்துல ஒட்டி வச்சிருக்கான். அதுலருந்து அந்தப் பொம்பள என்னையப் பாக்குற பார்வையே சரியில்ல. சக்கர நாற்காலி வந்த வழியே போயிருச்சு. புஷ்பம் சுவத்துல சாஞ்சுக்கிட்டு நின்னா. அன்னைக்கு என் கொள்கை செயிச்சது. பொய் சொல்லல, சந்தோசமாத்தான் இருந்துச்சு.

அப்புறம் என்ன, முறைக்குக் காத்திருந்தோம். முறை வந்த அன்னைக்கு, பட்டாசு வெடிச்சுக் கண்ணு போன கேசு ஒண்ணு வந்துருச்சுன்னு அத உள்ள எடுத்துட்டாங்க. அதுக்கடுத்த முறையிலதான் அக்காவ எடுத்தாங்க. அதுக்குள்ள கறுப்புத் துணி மேல வரைக்கும் ஏறிருச்சு. காலையில நான் போயி நின்னா, யாரு தனுசான்னு குரல வச்சுத்தான் கேட்டா. சும்மா சொல்லக் கூடாது, சீஃப்பு ரொம்ப நேரம் பண்ணுனாரு. வேர்த்து வழிய வெளிய வந்தாரு. கொஞ்சம் முந்தியே வந்திருக்கணும்னாரு. முந்தியே வந்து உங்க கண்ணு முன்னாலதான் சார் படுத்திருந்தோம்னு சொன்னேன். அவரு தரையப் பாத்தாரு. இப்பச் சொல்லுங்க, தப்பு யாரு மேல? இந்தப் பே வார்டுங்கற ஏற்பாடே இல்லாம இருந்திருந்தா அந்தச் சாயங்கால நேரமெல்லாம் ஜெனரலுக்குத்தானே கெடச்சிருக்கும்? எங்கக்கா கண்ண அவிச்சது இந்தப் பே வார்டுதான் தம்பி. எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சொல்லுவேன்.

இப்ப அவளுக்கு வெளிச்சம் தெரியும். ஆளு தெரியாது, கலர் தெரியாது. வீட்டுக்கு வந்தப்புறமும் கடைக்கு வந்து உக்காரத்தான் செஞ்சா. துணிய விரலால தடவித் தடவிப் பாப்பா, தடவுனா கலர் தெரியுமா? யாரோ ஒரு பொம்பள மயில் கழுத்துக் கலரு கேட்டுச்சு, நான் ராமர் பச்சைய வெட்டிக் குடுத்துட்டேன்னு கடை வாசல்ல நின்னு கத்துச்சு. அக்கா தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தா. என் பொரை அப்பவே ஆரம்பிச்சிருக்கு, எனக்குத் தெரியல. தெருவுக்குள்ள எதுத்தாப்புல ஒருத்தன் புதுசா மேட்சிங் கடை போட்டுட்டான். கூட்டமெல்லாம் அங்க போவுது. நன்றி கெட்ட சனம்.

பொங்கலுக்கு புஷ்பம் வந்தா. எம்மேல கோவமாத்தான் இருந்தா, அக்காவுக்காக வந்திருந்தா. சாப்பிட்டுட்டு மூணு பேரும் கூடத்துல உக்காந்திருந்தோம். அக்கா நல்ல சந்தோசத்துல இருந்தா. தங்கச்சி கைய எடுத்து மடியில வச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே சொல்றா.

"கண்ணு போனாப் போகுது புஷ்பம். நீ பாட்டுக்கு என்னைய அந்தப் பேய்கிட்டத் தள்ளப் பாத்த. என் தம்பிதான் விடாம காப்பாத்துனான்."

எந்தப் பேய்க்கான்னு புஷ்பம் கேட்டா. அக்கா சொன்னா. ஒண்ணு விடாமச் சொன்னா, என்கிட்டக் கேட்டது, நான் சொன்னது, எல்லாம். பெருமையாச் சொல்றா தம்பி, என்னையப் பத்திப் பெருமையா. புஷ்பம் என்னையத் திரும்பிப் பாத்தா. சத்தம் போடுவா, நானும் பதிலுக்குப் போடலாம்னு தயாரா இருந்தேன். அவ போடல. அக்கா, இங்கிலீசுல பேன்னா காசு கட்டுறதுக்கா, அது காசு கட்டுற வார்டுக்கான்னு மெதுவாச் சொன்னா. பச்சப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னா.

அக்கா மடியில இருந்த தங்கச்சி கைய விடல. அப்புறம் நான் இருக்க பக்கமா மூஞ்சியத் திருப்புனா. சரியாத் திருப்பல, நான் உக்காந்திருந்த எடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வெறும் சுவத்தப் பாத்துத்தான் சொன்னா.

"காசு வார்டுன்னு சொல்லியிருந்தா, நானே வேணாம்னிருப்பேனேடா."

கேட்டீங்களா? அவ வாயாலயே சொல்லிட்டா. நான் வெளக்கிச் சொல்லியிருந்தாலும் அவ போயிருக்க மாட்டா. சொல்லாததாலயும் போகல. ரெண்டும் ஒண்ணுதானே? இதுல என் தப்பு எங்க இருக்கு? எனக்கு அப்பத்தான் நெஞ்சுல இருந்த பாரம் எறங்குச்சு. பாரம் இருந்துச்சுன்னு இல்ல, ஒரு பேச்சுக்குச் சொல்றேன். அன்னைக்கு நல்லாத் தூங்குனேன்.

மறுநா காலையில எந்திரிச்சுப் பாத்தா, அக்கா சேலைய மாத்திக்கிட்டு கூடத்துல உக்காந்திருக்கா. பக்கத்துல ஒரு கட்டப்பை. புஷ்பம் வாசல்ல ஆட்டோ பேசிக்கிட்டிருக்கா. எங்கேக்கா கெளம்பிட்டன்னேன். திருப்பூருக்குன்னா. எத்தன நாளைக்குன்னேன். கண்ணில்லாம உன் கடையில உக்காந்து நான் என்னடா செய்யன்னா. சோறு போட மாட்டேன்னு நான் சொன்னேனா? கேட்டேன், நல்லாக் கேட்டேன். நிலைப்படியத் தடவித் தடவி எறங்குனா. விழுந்துருவாளேன்னு கையப் பிடிக்கப் போனேன். வேணாம்டா, பழகிக்கிறேன்னுட்டா.

எல்லாம் புஷ்பம் வேலை. அவதான் தூண்டி விட்டுக் கூட்டிட்டுப் போயிட்டா. போன் போட்டா அவதான் எடுக்குறா. அக்கா தூங்குறாங்கறா. காலையில போட்டாலும் தூங்குறா, மத்தியானம் போட்டாலும் தூங்குறா. மனுசி இம்புட்டா தூங்குவா? நாலு வார்த்த பேசக் கூட விட மாட்டேங்கறா தம்பி. என்கிட்டப் பேசாம எங்கக்காவால இருக்கவே முடியாது. எனக்குத் தெரியாதா? வீட்டுல கதவத் தொறந்தா, யாரு தனுசான்னு கேக்க ஆளில்ல. எரிச்சலா இருக்கு. எல்லாத்து மேலயும் எரிச்சலா இருக்கு.

இருங்க, கூப்பிடுறாங்க. என் பேருதான். இங்க இருக்கேம்மா, தனுஷ்கோடி. கண்ணு மூடித்தான் இருக்கு, தொறக்கல. என்னது? அட்டெண்டரா? கூட வந்த ஆளா? நான்தாம்மா வந்திருக்கேன், நான் மட்டும்தான். இன்னைக்கே சேந்துரணும்னு தெரியும், காசெல்லாம் கட்டியாச்சு. ஆளு எதுக்கு? பே வார்டுன்னா எல்லாம் நீங்கதானே பாத்துக்கணும்?

கேட்டீங்களா தம்பி. கூட ஒரு ஆளு இருந்து கையெழுத்துப் போட்டாத்தான் படுக்கை குடுப்பாங்களாம். இம்புட்டுக் காசையும் வாங்கிட்டு, ஆள நாமளே கொண்டு வரணுமாம். என்ன அக்கிரமம் இது. இல்லம்மா, மகன் சிங்கப்பூர்ல. கூடப் பொறந்தவங்களா? இருக்காங்க. ரெண்டு பேரு இருக்காங்க. வெளியூரு. நம்பரா? நம்பரெல்லாம் வேணாம். கூப்பிட்டா தூங்குறாம்பாங்க. நீ செத்த இரும்மா.

தம்பி, உங்க அம்மா வர்றதுக்கு எப்படியும் நேரமாகும். எனக்காக ஒரு கையெழுத்துப் போட்டுருங்களேன். நீங்க ஒண்ணும் இருக்க வேணாம், போட்டுட்டு உங்க பாட்டுக்குப் போயிருங்க. என்ன வேணும்னு கேட்டா தம்பின்னு சொல்லுங்க. பொய் இல்லையே. நீங்க வந்து உக்காந்ததுலருந்து நான் உங்கள தம்பி தம்பின்னுதானே கூப்பிட்டுக்கிட்டிருக்கேன்? அவங்க காதுல அது வேற மாதிரி விழுந்தா நாம என்ன செய்ய முடியும்?

இரும்மா, ஆளு இருக்காரு. என் தம்பிதான்.

சேரு சத்தம் கேட்டுச்சே. நீங்களா எந்திரிச்சது? எனக்குக் கண்ணத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, தெரியும்ல உங்களுக்கு. தம்பி, பக்கத்துலதானே இருக்கீங்க?